பழைய பீப்பாய் விற்போர்

வணிகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது புதுப்பொருள்களைக் குவித்துவைத்து விற்கும் கடைவீதியே. ஆனால் பழைய பொருளையே நம்பி நடைபெறும் வணிகங்களும் உலகில் உண்டு. அவற்றுள்ளும் விசித்திரமானது, ஒருவர் பயன்படுத்திக் கழித்த மரப் பீப்பாயை வாங்கி, அதனை வேண்டுகின்ற மற்றொருவரைத் தேடிக் கண்டு விற்கும் தொழிலாகும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலும், திராட்சைத் தோட்டங்கள் செறிந்த ஊர்களை அடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் இத்தகைய சிறு நிலையங்கள் உள்ளன. ஒரு முற்றம், ஒரு கொட்டகை, ஒரு பாரவண்டி, அடுக்கடுக்காகச் சில பீப்பாய்கள் என்பனவே அவர்களுடைய முதல் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அவர்களுடைய முதல் வேறு. அது யாதென்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

மது அருந்துதல் தக்கதா தகாததா என்னும் வழக்கினை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அது வேறொரு பேச்சுக்குரிய பொருள். மரத்தையும் நெருப்பையும், அவற்றை ஆளும் மனிதரையும் பற்றியே இன்று பேசுகிறோம்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். பீப்பாய் என்பது தமிழ்ச் சொல்லன்று. 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போத்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் இதுவும் ஒன்று. மேசை, அலுமாரி, யன்னல், சாவி என்பன எவ்வழி வந்தனவோ அவ்வழியே 'பீப்பா'வும் வந்தது. போத்துக்கல் நாட்டில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. அந்நாட்டின் போர்ட் மதுவை அளப்பதற்கு, ஏறத்தாழ 550 லீற்றர் கொள்ளும் பெரிய மரக்கலத்தை அப்பெயராலேயே குறிப்பர்.

சொல் போத்துக்கேயருடையதாயினும் பொருள் அவர்களினும் பழையது. கிரேக்கரும் உரோமரும் மதுவை மண்சாடிகளில் அடைத்துக் கப்பலேற்றினர். சாடி கனமானது, விழுந்தால் உடைவது. ஆல்ப்ஸ் மலையை அடுத்து வாழ்ந்த மக்கள் மரப்பலகைகளை வளையமிட்டுக் கட்டி அவற்றுள் மதுவை வைத்தனர் என்று, கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம அறிஞர் குறித்துள்ளார். உரோமர் அந்நாடுகளை வென்றனர். அந்நாட்டாரின் மரக்கலமோ உரோமரின் மண்சாடியை வென்றது. அதற்குரிய காரணம் எளிது. பீப்பாய் நடுவிற் பருத்து இருமுனையிலும் சிறுத்திருப்பதால், படுக்கவைத்தால் நிலத்தில் ஒரு சிறு பகுதியே படும். ஆகவே, மது நிரம்பி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுள்ள பீப்பாயை ஒரு தனி ஆள் உருட்டிச் செல்லலாம்; வேண்டிய திசையில் ஒரு கையால் திருப்பலாம். பாரந்தூக்கி இல்லாத காலத்தில் இது எத்துணைப் பெரிய வசதி என்பதைத் துறைமுகத் தொழிலை அறிந்தவர் எளிதில் உணர்வர்.

இனி, அந்தச் சிறு வணிகரின் முற்றத்தில் நிற்கும் ஒரு பீப்பாயை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்ப்போம். அதன் பின்னால் நிற்கும் மனிதருள் முதல்வர், நாம் ஒருபோதும் காணமுடியாதவர். அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த காட்டுக் காவலர்.

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில், அலியே என்னும் மாவட்டத்தில், துரோன்சே என்றொரு காடு உண்டு. பத்தாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் ஓக் மரங்கள் ஓங்கி நிற்கும் காடு அது. பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சராயிருந்த கொல்பேர், போர்க்கப்பல் கட்டுவதற்கு நாட்டில் நன்மரம் இல்லாதிருப்பதைக் கண்டு, 1669ஆம் ஆண்டில் காடுகளைக் காக்கும் சட்டமொன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே துரோன்சே காட்டைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. மரங்களை நெருக்கமாக வளரவிட்டால் அவை ஒளியைத் தேடிக் கிளைவிடாது நேராக உயரும். ஆண்டுக்கு ஆண்டு சிறிதளவே பருக்கும். அதனால் வைரம் நெருங்கியமைந்த மரம் கிடைக்கும். கப்பலுக்கென்று இவ்வாறு பேணிய மரங்கள் முற்றி நின்றபோது, கப்பல்களை இரும்பினாற் கட்டும் காலம் வந்துவிட்டது! கப்பலுக்கு உதவாத அக்காடு பீப்பாய்க்கு உதவிற்று. இன்றும் அங்கே ஒரு மரத்தை நட்டுப் பேணும் காவலர், அது வெட்டப்படும் நாளைத் தாமோ தம் மகனோ காணமாட்டார் என்பதை அறிந்தே அப்பணியைச் செய்கின்றார்.

அடுத்தவர் மரம் பிளப்பவர். ஐரோப்பிய ஓக் மரத்தை வாளால் அறுத்துப் பலகையாக்கினால், அதன் நுண்குழாய்கள் குறுக்கே வெட்டுண்டு மது கசியும். ஆதலால் அதனை ஆப்பு வைத்து, நாரோட்டத்தின் வழியே பிளத்தல் வேண்டும். இவ்வாறு பிளப்பதில் வீணாகும் பகுதி பெரிது. அடிமரத்தின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நற்பலகையாவது அரிது. அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தின் இயல்பு வேறு. அதன் நுண்குழாய்களை இயற்கையே அடைத்துவிடுவதால் அதனை வாளால் அறுக்கலாம். அமெரிக்கப் பீப்பாய் விலை குறைந்ததாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டு ஹல்மில்ல மரத்தை நினையாதிருக்க முடியாது. உலக வணிகத்தில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கு அம்மரம் பயன்பட்டது. தென்னங்கள்ளிலிருந்து வடிக்கும் சாராயத்தை இலங்கையில் முதிரவைக்கும் பெருந்தொட்டிகளும் அம்மரத்தாலானவையே. ஓக் மரம் இல்லாத நாட்டினரும் தம் காட்டிலே அதற்கு நிகரான ஒன்றைத் தேடிக் கண்டுகொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

பிளந்த பலகைகளை உடனே பீப்பாய் ஆக்குவதில்லை. திறந்த வெளியில் அடுக்கி, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் விட்டுவைப்பர். மழைநீர் மரத்தின் கடுந்துவர்ப்பைக் கழுவிச் செல்லும். இப்பலகைகளில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். ஆயினும் அவசரப்பட்டுச் சூளையில் உலர்த்தினால் துவர்ப்பு நீங்காது. தொழிலறிந்தவர் காத்திருப்பர்.

அதன் பின்னரே பீப்பாய்த் தச்சர் வருகின்றார். சாதாரணத் தச்சருக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இவர் ஆணி அடிப்பதில்லை. பசை பூசிப் பலகைகளை ஒட்டுவதுமில்லை. ஏறத்தாழ முப்பது பலகைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் அகலமாகவும் முனைகளில் ஒடுக்கமாகவும் இழைத்து, ஓரங்களைச் சாய்வாகச் சீவி, ஓர் இரும்பு வளையத்துள் வட்டமாக நிறுத்துவார். அப்போது அது மேலே குவிந்தும் கீழே விரிந்தும் பாவாடைபோல நிற்கும். அதன் நடுவே ஓக் மரச் சீவல்களால் நெருப்பு மூட்டி, வெளிப்புறத்தை நீரால் நனைத்து, சூட்டினால் பலகை இளகியதும் கீழ்ப்புறத்தையும் கயிற்றால் இறுக்கி வளையமிடுவார். பலகைகள் மீண்டும் நிமிர்ந்துவிட முயலும். வளையங்களோ அவற்றை விடமாட்டா. இந்த இழுபறியே பீப்பாயை ஒழுகாமற் காக்கின்றது.

வளைத்தபின் உட்புறத்தை நெருப்பினால் வாட்டுவர். இளவாட்டல், நடுவாட்டல், கடுவாட்டல் என்று அதற்குத் தரங்கள் உண்டு. சூட்டினால் மரத்தின் உட்பொருள்கள் சிதைந்து, வனிலா மணமும் வறுத்த விதையின் மணமும் புகைமணமும் தோன்றுகின்றன. எத்தனை நிமிடம் வாட்டுவது, எப்போது நிறுத்துவது என்பவற்றை இக்காலத்தில் வெப்பமானி காட்டுமாயினும், முதிய தச்சர் இன்னும் தம் மூக்கையே நம்புகின்றார். பின்பு இருமுனையிலும் காடி வெட்டி, அதில் வட்டமான முகப்புப் பலகைகளைப் பொருத்துவர். காடியில் மாவைக் குழைத்துத் தடவுவதும், முகப்புப் பலகைகளுக்கிடையே உலர்ந்த கோரையை வைப்பதும் பழைய வழக்கம்.

இத்தொழிலைக் கற்றல் எளிதன்று. ஸ்கொத்லாந்தில் ஒருவர் பீப்பாய்த் தச்சராவதற்கு நான்கு ஆண்டுகள் பயிலவேண்டும். பயிற்சி முடிந்த நாளில் அவ்விளைஞரை ஒரு பீப்பாய்க்குள் இறக்கி, கரியும் மரச்சீவலும் பியரும் தலையிற் கொட்டி, பட்டறை முழுவதும் உருட்டிவிடுதல் அங்கே வழக்கம். உருண்டு எழுந்தவர் அன்றுமுதல் தச்சர். இலண்டன் மாநகரின் பீப்பாய்த் தச்சர் சங்கம் 1501ஆம் ஆண்டிலேயே அரச பட்டயம் பெற்றது என்றால், இக்கைத்தொழிலுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பை உணரலாம்.

இவ்வாறு உருவான பீப்பாய் ஒரு திராட்சை மதுச்சாலையின் நிலவறையை அடைகின்றது. போர்தோ நாட்டுப்புறத்தில் அதன் கொள்ளளவு 225 லீற்றர். பர்கண்டியில் 228 லீற்றர். மூன்று லீற்றர் வேறுபாட்டுக்காக இரு பகுதியினரும் தத்தம் வழக்கத்தை விட்டுக்கொடார். மது பீப்பாயில் இருக்கும் மாதங்களில், மரத்தின் வழியே மிகச் சிறிதளவு காற்று உட்புகுந்து அதன் கரடுமுரடான சுவையைத் தணிக்கும். மரமும் தன் மணத்தைக் கொடுக்கும். ஆனால் மரத்தின் கொடை எல்லையுடையது. முதலாண்டில் மிகுதியாகக் கொடுக்கும், இரண்டாமாண்டிற் குறையும், மூன்று நான்கு முறை மது நிரப்பியபின் கொடுப்பதற்கு அதனிடம் ஏதும் இராது. புதிதாக வாங்கும்போது ஆயிரம் டொலரை அண்மிய விலை கொடுத்த பிரெஞ்சுப் பீப்பாய், அந்நாளில் மதுச்சாலைக்கு இடத்தை அடைக்கும் சுமையாகிவிடுகின்றது.

நேயர்களே, இங்கேதான் நம் சிறு வணிகர் வருகின்றார்.

அவர் வரும் காலம் பெரும்பாலும் கோடையின் இறுதி. வடபாதி உலகில் ஓகத்து முதல் ஒக்டோபர் வரை திராட்சை அறுவடை நடைபெறும். அதற்கு முன்னர் மதுச்சாலையார் பழைய மதுவைப் புட்டிகளில் அடைத்து, நிலவறையை ஒழித்து, புதுப்பீப்பாய்களுக்கு இடம் வகுக்க வேண்டும். ஆகவே எல்லா மதுச்சாலைகளும் ஒரே காலத்தில் விற்க முந்துகின்றன. வணிகர் சில வாரங்களுக்குள் ஓராண்டுக்கு வேண்டிய சரக்கை வாங்கியாக வேண்டும். வாங்கியதை நீண்டநாள் வைத்திருக்கவும் அவரால் இயலாது. வெறுமையான பீப்பாய் உலரும். உலர்ந்தால் பலகை சுருங்கும். சுருங்கினால் வளையம் தளர்ந்து இடைவெளி தோன்றும். ஈரமாகவே வைத்தாலோ பூஞ்சணம் பிடிக்கும். அரிசியும் பருப்பும் விற்பவருக்கு இல்லாத கவலை இது. அவருடைய சரக்கு ஒவ்வொரு நாளும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருப்பது.

இத்தகைய சிறு நிலையத்தில் பொதுவாக ஒருவர் மதுச்சாலைகளுக்குச் சென்று வாங்குவார். ஒருவர் வந்தவற்றைச் சோதிப்பார். ஒருவர் தளர்ந்த வளையங்களை இறுக்கி, உடைந்த பலகையை மாற்றுவார். ஒருவர் கணக்கெழுதி, கடிதங்களுக்கும் தொலைபேசிக்கும் விடை சொல்வார். பல இடங்களில் இவர்கள் ஒரே குடும்பத்தவர். சில இடங்களில் ஒருவரே இரண்டு வேலையையும் பார்ப்பார். இவர்களுள் நிலையத்தின் பெயரைக் காப்பவர் சோதிப்பவரே.

அவர் சோதிக்கும் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். முதலில் பீப்பாயின் நடுவிலுள்ள அடைப்பைத் திறந்து, மூக்கை அத்துளையருகே கொண்டுசெல்வார். நல்ல பீப்பாயில் மதுவின் மணமும் மரத்தின் மணமும் கலந்து வரும். காடியின் புளிப்பு நெடி வந்தால், காடி நுண்ணுயிர்கள் உள்ளே குடியேறிவிட்டன என்று பொருள். குதிரைத் தொழுவத்தின் நெடியோ தோலின் நெடியோ வந்தால், அது பிரெத்தனோமைசிஸ் என்னும் காட்டு நொதியின் வேலை. இவை மரத்தின் மேற்பரப்பில் மட்டும் இருப்பனவல்ல. மதுவுடன் சேர்ந்து பலகையின் உள்ளே பல மில்லிமீற்றர் ஆழம் சென்றவை. வெந்நீராற் கழுவினாலும் முற்றும் நீங்கா.

அடுத்து ஒரு சிறு விளக்கைத் துளைவழி இறக்கி உட்புறத்தைப் பார்ப்பார். பின்பு வளையங்களின் ஓரங்களைப் பார்ப்பார். பழைய கசிவு இருந்தால் அங்கே கறை காட்டிக்கொடுக்கும். அதன்பின் சில லீற்றர் வெந்நீரை ஊற்றி, அடைப்பை இறுக்கி, பீப்பாயை எல்லாப் பக்கமும் உருட்டுவார். உள்ளே ஆவி பெருகிப் பலகைகளை நெருக்கும். ஒழுக்கு எங்கேனும் இருந்தால் அவ்விடத்தில் நீர்க்குமிழி தோன்றும். அடைப்பைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றொலி எழுந்தால் பீப்பாய் நல்ல நிலையிலுள்ளது. இறுதியாகக் கந்தகத் திரியைக் கொளுத்தி உள்ளே புகையூட்டி மூடிவைப்பார். இதிலும் எச்சரிக்கை வேண்டும். வடித்த சாராயம் இருந்த பீப்பாயில் அதன் ஆவி தங்கியிருக்கும். அதனுள்ளே நெருப்பை இறக்கினால் வெடித்துவிடும். எனவே, அப்பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பதை அறியாது எவரும் அதனருகே தீக்குச்சியைக் கொண்டுசெல்லார்.

முன்பு என்ன இருந்தது? இந்த ஒரு வினாவிலேதான் இத்தொழில் முழுவதும் அடங்கியுள்ளது. புதுப்பீப்பாயை வாங்குபவர் தச்சரின் முத்திரையைப் பார்த்து வாங்கலாம். பழைய பீப்பாயில் அம்முத்திரை பாதிக் கதையையே சொல்லும். அதில் இருந்தது செந்நிற மதுவா, வெண்ணிற மதுவா? எத்தனை முறை நிரப்பினர்? எப்போது ஒழித்தனர்? ஒழித்தபின் எத்தனை நாள் வெறுமையாய்க் கிடந்தது? முகப்புப் பலகையில் மதுச்சாலையார் எழுதிய குறியும் ஆண்டும் சில சமயம் இருக்கும். பல சமயம் அழிந்திருக்கும். எஞ்சியவற்றை வணிகர்தாம் சொல்லவேண்டும். அவர் சொல்வதை நம்பி வாங்குபவர், ஓராண்டு முழுவதும் வியர்வை சிந்தி உண்டாக்கிய மதுவை அதற்குள் ஊற்றுகின்றார். சொல் பொய்யாகுமானால் அந்த மது ஆறு மாதத்திற் காடியாகிவிடும். காடியானதை மீண்டும் மதுவாக்கும் வித்தையை எவரும் கண்டறிந்திலர். பீப்பாயின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஓராண்டின் விளைவைத் திருப்பிக் கொடுப்பவர் யார்?

பெரிய மதுச்சாலையில் ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் இருக்கும். ஒன்று கெட்டால் அது கணக்கில் ஒரு வரி. ஆனால் பழைய பீப்பாயை நாடுபவர் பெரும்பாலும் சிறியவர். புதுப்பீப்பாய்க்குப் பணமில்லாது, பத்தோ இருபதோ பழையவற்றை வாங்கித் தொழில் தொடங்கும் தோட்டக்காரருக்கு ஒரு பீப்பாய் கெடுவது விளைச்சலில் ஒரு பங்கு அழிவதாகும். இதனை அறிந்த நல்ல வணிகர், ஐயமுள்ள பீப்பாயை மதுவுக்கென்று விற்கமாட்டார்.

அப்படியாயின் அதனை என்ன செய்வார்? இங்கே அவருடைய அறிவு வேறொரு வகையில் வெளிப்படுகின்றது. ஒருவருக்குக் குற்றமாயிருப்பது மற்றொருவருக்குக் குணமாகலாம். திராட்சை மது ஆக்குவோர் கண்டு நடுங்கும் அந்தக் காட்டு நொதியின் ஒரு வகைக்கு, பெல்ஜியத் தலைநகராகிய பிரசல்ஸ் நகரின் பெயரே இடப்பட்டுள்ளது. அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த லம்பிக் என்னும் புளிப்புப் பியர் அந்நொதியின் துணையாலேயே தன் சுவையைப் பெறுகின்றது. அங்குள்ளோர் பழைய மதுப்பீப்பாய்களையே நாடி வாங்குகின்றனர். காடி நெடி ஏறியதைக் காடி செய்வோர் ஏற்பர். எதற்கும் உதவாததை நடுவே அறுத்தால் பூச்செடி வளர்க்க இரண்டு தொட்டிகளாகும். எந்தப் பீப்பாயை யாரிடம் சேர்ப்பது என்று அறிதலே வணிகரின் திறமை. குற்றத்தை மறைத்து விற்றல் திறமையன்று.

பீப்பாய்க்கு இரண்டாம் வாழ்வு கொடுப்போருள் விஸ்கி வடிப்போரே தலையானவர். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டில் மதுவிலக்கு நீங்கியபின், அத்தசாப்தத்திலேயே, பேர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக்கலத்திலேயே வைக்கவேண்டும் என்று விதி செய்தனர். அதனால் ஒருமுறை பயன்பட்ட கலம் அங்கே பேர்பனுக்கு மீண்டும் உதவாது. அது கப்பலேறி ஸ்கொத்லாந்துக்குச் செல்கின்றது. ஸ்பெயினின் ஷெறி மதுவும் முன்னர்ப் பீப்பாயிலேயே பிரித்தானியாவுக்கு வந்தது. மது தீர்ந்ததும் வெறும் பீப்பாய் விஸ்கிக்காரர் கைக்கு மலிவாக வந்தது. 1980களில் அம்மதுவை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்கவேண்டுமென்று விதி வந்ததும் அவ்வழி அடைபட்டது. ஒரு நாட்டின் சட்டம் மாறினால் மற்றொரு நாட்டின் பீப்பாய் விலை மாறுகின்றது. ஸ்கொத்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில், கிரெய்கெல்லக்கி என்னும் சிற்றூரில், 1947ஆம் ஆண்டில் தொடங்கிய பட்டறையொன்று ஆண்டுதோறும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட பழைய பீப்பாய்களைச் செப்பனிடுகின்றது என்பதிலிருந்து இத்தொழிலின் விரிவை அறியலாம்.

பழைய திராட்சை மதுப்பீப்பாயின் மதிப்பை உயர்த்தியவருள் ஜிம் சுவான் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரைக் குறிப்பிடுதல் வேண்டும். செந்நிற மது இருந்த பீப்பாயின் உட்புறத்தை மெல்லச் சீவி, மீண்டும் வாட்டி, பின்பு கருக்கி எடுத்தால், களைத்த மரத்தின் அடியில் உறங்கும் புதுமரம் விழித்துக்கொள்ளும் என்பது அவர் காட்டிய வழி. தைவான் தீவில் 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கவலான் வடிசாலை அவருடைய ஆலோசனையைப் பெற்றது. பழைய மதுப்பீப்பாயில் முதிர்ந்த அதன் விஸ்கியொன்று, 2015ஆம் ஆண்டின் உலக விஸ்கி விருதுகளில் தனிமால்ட் வகைக்குரிய முதலிடத்தைப் பெற்றது. ஒரு மதுச்சாலை கழித்துவிட்ட மரம் மற்றொரு கண்டத்தில் பரிசு பெற்ற கதை இது. சுவான் 2017ஆம் ஆண்டிற் காலமானார். அவருடைய முறையைப் பல நாட்டினரும் இன்று கையாளுகின்றனர். அதன் பயனாக, நம் சிறு வணிகரின் முற்றத்தில் விலைபோகாது கிடந்த பீப்பாய்க்கும் வாங்குவோர் தோன்றினர்.

எனினும் இவ்வணிகத்துக்கு இன்று இடர்கள் இல்லாமலில்லை. மதுவைத் துருவேறா உருக்குத் தொட்டியில் வைத்து, ஓக் மரச் சீவல்களைப் பைகளில் இட்டு ஊறவைக்கும் முறை மலிவானது. ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம் 2006ஆம் ஆண்டில் அதனை அனுமதித்தது. சீவலுக்குத் தச்சர் வேண்டியதில்லை. பழைய சீவலை வாங்குவாருமில்லை. மேலும், உலகில் திராட்சை மது அருந்துவோர் தொகையும் குறைந்து வருகின்றது. 2024ஆம் ஆண்டில் உலகம் அருந்திய அளவு ஏறத்தாழ 2,140 கோடி லீற்றர் என்றும், அது 1961ஆம் ஆண்டுக்குப் பின்னர் மிகக் குறைந்த அளவு என்றும் சர்வதேசத் திராட்சைக்கொடி மது அமைப்பு மதிப்பிட்டது. இதனை நலமெனக் கருதுவோர் பலர்; அவர்கள் கருத்துக்கும் தக்க காரணம் உண்டு. ஆனால் மது குறையுமிடத்துப் புதுப்பீப்பாய் குறையும். புதுப்பீப்பாய் குறைந்தால், நான்காண்டு பொறுத்துப் பழைய பீப்பாயும் குறையும். காட்டிலே நிற்கும் மரத்துக்கு இச்செய்தி எட்டாது. இன்று நடும் ஓக் மரம் முற்றும் நாளில் அதனை வேண்டுவோர் இருப்பரோ, இருப்பின் எதற்கு வேண்டுவரோ, கொல்பேர் அறியாதது போலவே நாமும் அறியோம்.

நேயர்களே, மரத்தை நட்டவரும் அதனைப் பிளந்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. பிளந்தவர் மது ஆக்குபவரை அறியார். பிரான்சில் மது ஆக்கியவர், தம் பீப்பாயில் விஸ்கியை ஊற்றும் தைவான் நாட்டவரின் பெயரையும் கேட்டிரார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது அந்த ஒரு பீப்பாய் மட்டுமே. அது வாய்திறந்து தன் கதையைச் சொல்லாது. அதற்காகப் பேசவேண்டியவர் இடையிலே நிற்கும் அந்தச் சிறு வணிகர். "இதில் இன்னது இருந்தது, இத்தனை முறை நிரப்பப்பட்டது, இந்தக் குறை இதில் உண்டு" என்று அவர் சொல்லும் உண்மையே அவர் விற்கும் பொருள், பீப்பாய் அதனுடன் கூடச் செல்வது. முற்றத்திலுள்ள பீப்பாய்கள் எல்லாம் ஓரிரவில் எரிந்துபோனாலும் அடுத்த கோடையில் அவர் மீண்டும் வாங்கி நிரப்பலாம். அவர் சொல்லின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால், அதனை மீண்டும் வாங்குதற்குரிய சந்தை எந்நாட்டிலும் இல்லை.